கிளினிக் கொப்பியில் எழுதப்படாத இரவு

மலையகத்து அரசாங்க வைத்தியசாலையொன்றின் நீரிழிவு கிளினிக்கில் ஒரு காலை, ஐம்பது வயதைக் கடந்த கொழுந்துத் தொழிலாளி ஒருவரின் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வெறுவயிற்றில் எடுத்த இரத்தத்தில் சீனியின் அளவு 212. அதற்கு முந்திய இரண்டு தடவையும் இருநூறுக்கு மேல்தான். இரண்டு தடவையும் நான் மாத்திரையைக் கூட்டியிருந்தேன். சோற்றைக் குறைத்தீர்களா, தேத்தண்ணிக்குச் சீனி போடுகிறீர்களா என்ற வழக்கமான கேள்விகளுக்கு அந்த அம்மா ஒளிக்காமல் பதில் சொன்னார். மூன்றாவது தடவையும் அளவைக் கூட்டப் பேனாவை எடுத்தபோது அவர் கொட்டாவி விட்டதைக் கண்டு, எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று கேட்டேன். “மூணு மணிக்குங்க டொக்டர். மொத பஸ்ஸ விட்டா நம்பர் கெடைக்காது. அதுக்கு முன்னுக்கு மட்டும் எங்க தூங்குனேன், நாலு தடவ வெளிய போக எந்திரிச்சேன்” என்றார்.

எடை, பிரஷர், கண் பரிசோதித்த திகதி, கால் பரிசோதித்த திகதி எல்லாம் அந்தக் கொப்பியில் இருந்தன. இரவைப் பற்றி ஒரு சொல் இல்லை. எழுதாமல் விட்டது நான்தான்.

தூக்கம் குறைந்தால் மறுநாள் களைப்பு வரும் என்பது எல்லோரும் அறிந்தது. இரத்தத்தில் சீனியும் ஏறும் என்பதைத்தான் பலர் நம்ப மறுக்கிறார்கள். 1999 இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எந்த நோயும் இல்லாத பதினொரு இளைஞர்களை ஆறு இரவுகளுக்குத் தலா நான்கு மணித்தியாலம் மட்டுமே படுக்க விட்டு, அவர்களுடைய உடல் குளுக்கோசைக் கையாளும் விதத்தை அளந்தார்கள். போதிய அளவு தூங்கிய நாட்களோடு ஒப்பிட்டபோது, இரத்தத்திலிருந்து குளுக்கோசு அகலும் வேகம் தெளிவாகக் குறைந்திருந்தது. தூக்கம் கெடும்போது உடல் அதை ஓர் ஆபத்துக் காலமாக எடுத்துக்கொள்கிறது. கோட்டிசோல் முதலிய ஹோர்மோன்கள் பொழுதுக்குப் பொருந்தாத நேரத்தில் உயர்ந்து நிற்கின்றன. ஈரல் தன் சேமிப்பிலிருந்து குளுக்கோசை வெளியே விடுகிறது. தசைகளோ இன்சுலின் வந்து கதவைத் தட்டினாலும் திறக்கத் தயங்குகின்றன. ஆரோக்கியமான இளைஞருக்கே ஆறு இரவில் இப்படியென்றால், இன்சுலினைச் சுரக்கும் கணையம் ஏற்கனவே தளர்ந்துபோனவருக்கு வருடக்கணக்கில் இது நடக்கும்போது என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அதோடு பசியைத் தூண்டும் ஹோர்மோனும் கூடுவதால், தூங்காதவருடைய காலை ரொட்டி ஒன்றோடு நிற்பதில்லை.

இதன் மறுபக்கம் மலையகத்தில் இன்னும் கடுமையானது. இரத்தத்தில் சீனி டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால், சிறுநீரகத்தால் அதை முழுவதுமாகத் திருப்பி எடுக்க முடியாமல் அது சிறுநீரோடு வெளியேறுகிறது; வெளியேறும் சீனி தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போவதால், இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருக்கிறது. சமவெளியில் இருப்பவர் எழுந்து நாலடி நடந்து திரும்பிப் படுத்துக்கொள்வார். கடல் மட்டத்திலிருந்து 1800 மீற்றருக்கு மேலே, ஜனவரி மாதத்துப் பனியில், லயத்துக் கதவைத் திறந்து, சறுக்கும் படியில் இறங்கி, வெளியே இருக்கும் மலசலகூடத்துக்குப் போய்த் திரும்புபவருக்கு உடம்பு சூடேறி மறுபடி கண் அயர ஒரு மணித்தியாலம் பிடிக்கும். அப்படி நான்கு தடவை என்றால் தூக்கத்தில் மிஞ்சுவது என்ன? சீனி தூக்கத்தைக் கெடுக்க, கெட்ட தூக்கம் சீனியை ஏற்ற, இரண்டும் ஒன்றையொன்று பிடித்துத் தள்ளிக்கொண்டே போகின்றன.

இதற்குப் பயந்து பிற்பகலிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுபவர்கள் பலர். அது தவறு. பகலில் தாராளமாகக் குடித்து, படுக்கப் போவதற்கு முந்திய இரண்டு மணித்தியாலத்தில் மட்டும் குறைத்துக்கொண்டால் போதும். பிரஷருக்கோ கால் வீக்கத்துக்கோ சிறுநீரைக் கூட்டும் மாத்திரை எடுப்பவர்கள், அதை மாலையில் எடுக்கிறார்களா என்று வைத்தியரிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும். பெரும்பாலும் அது காலையில் எடுக்க வேண்டிய மாத்திரை. பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்றும், வயதான ஆண்களுக்குப் புரஸ்டேட் வீக்கமும் இதே தொல்லையைத் தரும் என்பதால், எல்லாவற்றையும் சீனியின் தலையில் போட்டுவிட முடியாது.

கால் எரிச்சல் இன்னொரு காரணம். நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்குப் பகலெல்லாம் பொறுக்கக்கூடியதாக இருக்கும் எரிச்சலும் குத்தலும் படுத்த பிறகு கூடும். இதற்கு நல்ல மாத்திரைகள் உண்டு. ஆனால் கேட்டால்தான் சொல்கிறார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. குளிருக்காக அடுப்பருகே காலை நீட்டிப் படுப்பதும், சுடுதண்ணீர் நிரப்பிய போத்தலைப் பாதத்தோடு அணைத்துக்கொள்வதும் நம் பகுதியில் சாதாரணம். உணர்ச்சி மங்கிய கால் சூட்டை அறியாது. காலையில் கொப்புளம் தெரியும், பிறகு அது புண்ணாகும். தளர்ந்த கம்பளி மேஸே போதுமானது. எரிச்சல் இல்லாமல், படுத்தவுடன் கால்களை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும்போல் தோன்றினால் இரும்புச் சத்துக் குறைவையும் பார்க்க வேண்டும். தோட்டத்துப் பெண்களிடம் இரத்தச்சோகை பரவலாக இருப்பதால் இதை நான் தவறாமல் கேட்கிறேன்.

குறட்டை விடுபவரை நன்றாகத் தூங்குபவர் என்று நினைப்பது நம்மவர்களின் பழைய வழக்கம். உரத்த குறட்டை, நடுவே மூச்சு நின்றதுபோல் ஓர் அமைதி, பிறகு திணறி இழுக்கும் சத்தம் என்று தொடருமானால், அது தூக்கத்தில் மூச்சடைப்பு ஏற்படும் நோயாக இருக்கலாம். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில் மிகப் பலருக்கு இது இருந்தும் அவர்களுக்கே தெரிவதில்லை. ஒவ்வொரு தடவை மூச்சு நிற்கும்போதும் ஒட்சிசன் குறைந்து, உடல் திடுக்கிட்டு விழித்து, சீனியும் பிரஷரும் ஏறுகின்றன. சிறிய வீட்டில் எல்லோரும் ஒரே அறையில் படுப்பதில் ஆயிரம் சிரமம் இருந்தாலும், இந்த நோயைக் கண்டுபிடிப்பதில் அது உதவுகிறது: “தாத்தா மூச்சு நின்னு நின்னு வருது” என்று ஒரு பேரப்பிள்ளை சொன்னதை வைத்தே ஒருவரைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறேன். கழுத்துச் சுற்றளவு ஆண்களுக்குப் பதினேழு அங்குலத்துக்கு மேல் இருந்தால் சந்தேகம் வலுக்கும். எனினும் நம் மக்களிடையே அவ்வளவு பருமன் இல்லாதவர்களுக்கும் இது வருகிறது. பக்கவாட்டில் படுப்பதும், எடையைக் குறைப்பதும், இரவு மதுவை விடுவதும் உதவும். காற்றை அழுத்தித் தரும் முகமூடிக் கருவி பகல் தூக்கத்தை நன்றாகவும் பிரஷரை ஓரளவும் குறைக்கும்; சீனியை எல்லோருக்கும் ஒரே அளவில் குறைக்கும் என்று மட்டும் நான் வாக்குக் கொடுப்பதில்லை. தூக்கம் வரவில்லை என்று பக்கத்து வீட்டாரின் தூக்க மாத்திரையை வாங்கிப் போடுவது இந்த நோயாளிகளுக்கு மூச்சை மேலும் அடக்கிவிடக்கூடும்.

தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், வேலை செய்பவர்களின் கதை வேறு. பகலில் பறித்த கொழுந்து இரவெல்லாம் வாடி, விடியுமுன்னே அரைக்கப் போக வேண்டியிருப்பதால், ஊர் தூங்கும் நேரத்தில்தான் அவர்களுக்கு வேலை. காலை ஒன்று, இரவு ஒன்று என்று உறையில் எழுதித் தரும் நாங்கள், அவர்களுக்குக் காலை எது, இரவு எது என்று கேட்பதில்லை. இன்சுலினைச் சுரக்கத் தூண்டிச் சீனியைக் குறைக்கும் கிளிக்ளசைட் போன்ற மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்து எடுக்க வேண்டும். ‘இரவு’ என்று எழுதியிருப்பதால் மாலை ஏழு மணிக்குப் போட்டுவிட்டு, சாப்பாட்டைப் பொதி கட்டிக்கொண்டு போய் நள்ளிரவில் உண்பவருக்கு இடையில் சீனி விழுந்துவிடும். நள்ளிரவில் உடல் இன்சுலினுக்கு மந்தமாகவே இணங்குகிறது என்பதால், அதே சோறு பகலைவிடச் சீனியைக் கூடுதலாக ஏற்றவும் செய்யும். ஆகவே பெரிய சாப்பாட்டை வேலைக்குப் போகுமுன் முடித்துக்கொண்டு இடையில் சிறிதளவு உண்ணச் சொல்கிறேன். மாத்திரை நேரத்தையும் அதற்கேற்ப மாற்றி எழுதுகிறேன். மாசி, பங்குனியில் காமன் கூத்துக்காக இரவிரவாக விழித்திருப்பவர்களுக்கும் இதே ஏற்பாடுதான். கூத்தை விடுங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை, சொன்னாலும் கேட்கமாட்டார்கள்.

இரவில் சீனி குறைந்துபோவதை ஏறுவதைவிடவும் அஞ்ச வேண்டும். மாலை இன்சுலின் போட்டுவிட்டு, பசியில்லை என்று ஒரு தேத்தண்ணியோடு படுத்துக்கொள்பவருக்கும், வெறும் வயிற்றில் மது குடித்தவருக்கும் இது நேரும்; மது, ஈரல் குளுக்கோசை வெளியே விடுவதைத் தடுக்கிறது. கெட்ட கனவு, படபடப்பு, காலையில் தலைவலி ஆகியவை அறிகுறிகள். உடுப்பு நனையுமளவுக்கு வியர்ப்பதும் ஓர் அறிகுறி. கம்பளியை இழுத்துப் போர்த்தும் குளிரில் ஒருவர் வியர்த்து நனைந்திருந்தால், வீட்டார் உடனே சீனியைப் பரிசோதிக்க வேண்டும். கருவி இல்லாவிட்டால் குறைந்துவிட்டதாகவே கொள்ள வேண்டும். எழுபதுக்குக் கீழே இருந்து, விழுங்கக்கூடிய நிலையிலும் இருந்தால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துப் பதினைந்து நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து, 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள். காலைச் சீனி ஏன் ஏறுகிறது என்று தெரியாதபோது, அதிகாலை இரண்டு, மூன்று மணியளவில் ஒன்றிரண்டு தடவை அளந்து பார்ப்பது பயன் தரும்: அப்போது குறைந்திருந்தால், இரவு மருந்தைக் கூட்டுவது ஆபத்தாக முடியும்.

2022 இல் அமெரிக்க, ஐரோப்பிய நீரிழிவுச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, உணவோடும் உடற்பயிற்சியோடும் தூக்கத்தையும் சேர்த்தே பேசுகிறது. ஆறு மணித்தியாலத்துக்குக் குறைவதும் நல்லதல்ல, எட்டைத் தாண்டி நீள்வதும் நல்லதல்ல. ஏழு மணித்தியாலம் தூங்குங்கள் என்று சொல்வது எனக்கு எளிது. இரவு பத்தரைக்குப் பாத்திரம் கழுவி முடித்து, விடிய நாலு மணிக்குத் தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு, தோட்டத்தில் காலையில் பேர் பதியும் பிரட்டுக்கு ஓடும் பெண்ணிடம் அதைச் சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆகையால் இப்போதெல்லாம் கணவரையோ மகனையோ உள்ளே அழைத்து, சீனி வருத்தம் உள்ளவருக்குக் காலையில் ஒரு மணித்தியாலம் கூடுதலாகப் படுக்கக் கிடைத்தால் அது மருந்துக்குச் சமம் என்று அவர்களிடமே சொல்கிறேன். சிலர் சிரித்துவிட்டுப் போகிறார்கள். சிலர் வீட்டில் தண்ணீர் பிடிப்பவர் மாறியிருக்கிறார். மாலை நாலு மணிக்குப் பிறகு கடும் சாயம் வேண்டாம் என்பதைத் தேயிலை மலையில் சொல்வது வேடிக்கைதான். ஆனாலும் அதிலுள்ள கஃபீனில் பாதி உடலை விட்டுப் போகவே ஐந்து மணித்தியாலமளவு ஆகும்.

கடைசியாக, கிளினிக் நாள் அளவைப் பற்றி. மூன்று மணிக்கு எழுந்து, பஸ்ஸில் குளிரில் நடுங்கி வந்து, வரிசையில் நின்று கொடுக்கும் இரத்தம், அவருடைய மிக மோசமான இரவின் கணக்கையே காட்டக்கூடும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். இரத்தச்சோகை உள்ளவர்களுக்கு அதுவும் பிசகலாம் என்பதால் வீட்டில் எடுத்த ஒன்றிரண்டு அளவுகள் இருந்தால் இன்னும் நல்லது. மாத்திரையை நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். அடுத்த கிளினிக்குக்கு முந்திய ஒரு கிழமைக்கு, எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை தடவை எழுந்தீர்கள், எத்தனை மணிக்கு எழும்பினீர்கள் என்று கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் பேரப்பிள்ளையிடம் சொல்லி எழுதுவியுங்கள். வைத்தியர் கேட்காவிட்டாலும் அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வையுங்கள்.