துரு இல்ல, பழுது

நேத்து நாகர்கோவில்ல இருந்து பஸ்ல வரும்போ பக்கத்து சீட்டுக்காரர் ஃபோன்ல ஒரு ஹெல்த் வீடியோ அலறுது, "உங்க டிஎன்ஏ துருப்பிடிக்குது"ன்னு. இந்த மாசம் மூணாவது தடவ கேக்கேன்.

இதுக்கு இங்கிலீஷ்ல மூலச்சொல் ஆக்ஸிடேடிவ் டேமேஜ். ஆக்சிஜன்னா கிரேக்கத்துல புளிப்ப உண்டாக்குறது, வேதியியல்காரர் லவாய்சியே தப்பா நினைச்சு வச்ச பேரு, அத விடுங்க.

துருன்னா என்னன்னு குளச்சல்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். உப்புக்காத்துல ஜன்னல் கம்பி பொரிஞ்சு உதிரும், கையில செவப்பா ஒட்டும். அது இரும்புக்க சங்கதி. டிஎன்ஏல நடக்கது வேற, அதுக்க நாலு எழுத்துல (அடினின், தைமின், குவானின், சைட்டோசின்) குவானின்தான் எலக்ட்ரான லேசுல பறிகொடுக்கும், அதுல ஒரு ஆக்சிஜன் ஏறி 8-ஆக்சோகுவானின் ஆயிரும். உதிரல, பொடியல, எழுத்து அங்கதான் இருக்கு, ஆனா சைட்டோசினோட சேர வேண்டியது சில நேரம் அடினினோட போய் ஜோடி சேரும். துருன்னு சொன்னா இதுல ஒண்ணாவது விளங்குமா?

இன்னொரு மொழிபெயர்ப்பாளர் கூட்டம் 'உயிர்வளிச் சிதைவு'ங்குது. உயிர்வளின்னா ஆக்சிஜன், தனித்தமிழ், சரி, ஆனா உயிர்வளியே சிதைஞ்சு போச்சுன்னுலா வாசிக்கத் தோணுது. நான் சொல்லது ஆக்சிஜனேற்றப் பழுது. சிதைஞ்சது சிதைஞ்சதுதான், பழுதத்தான் பழுது பாக்க முடியும். வள்ளத்துல பலக போனா மாத்திட்டு திரும்ப எறக்குவோம்லா, செல்லுலயும் ஓஜிஜி1ன்னு ஒரு என்சைம் கெட்ட குவானின வெட்டி எடுத்துரும்.

குரோமோசோமுக்க முனையில இருக்க டெலோமியர்லதான் சிக்கல் (முனைப்பகுதின்னு அர்த்தம், மரபியல்காரர் முல்லர் 1938ல வச்ச பேரு). நமக்கு அங்க டிடிஏஜிஜிஜின்னு (டி தைமின், ஏ அடினின், ஜி குவானின்) திரும்பத் திரும்ப வரும், நாலு நாலு குவானின் சதுரமா கூடி, பொட்டாசியம் நடுவுல உக்காந்து, அடுக்கா மடங்கிக்கிடும். அந்த மடிப்புக்குள்ள 8-ஆக்சோகுவானின் இருந்தா ஓஜிஜி1க்கு வெட்ட முடியாது, அதுக்கு ரெட்ட இழ வேணும். பழுது இன்னும் முத்தி வேற உருவானா நீல்3ன்னு வேற என்சைம் எடுக்கும்.

இந்த மடிப்புக்கு, குவாட்ருப்ளெக்ஸுக்கு, அதே மொழிபெயர்ப்பாளருங்க வச்ச பேரு 'நான்மடி'. எனக்க தங்கச்சி மவ அத 'நாலு மடங்கு டிஎன்ஏ'ன்னு நோட்டுல எழுதி வச்சிருக்கா, பிள்ளைய என்ன சொல்ல. நாலிழைன்னும் வேண்டாம், ஒரே இழ மூணு வளைவு வளைஞ்சே இதக் கட்டிரும். குவாட்ருப்ளெக்ஸ்னே எழுதுங்க, தமிழுக்கு ஒண்ணும் குறஞ்சுராது.