கரண்ட் போனா கூடவே என்னென்ன போகும்?

2015 டிசம்பர் 2-ம் தேதி காலைல சென்னைல ஹிந்து பேப்பர் வரல. 1878-ல ஆரம்பிச்சதுலேர்ந்து அப்படி ஒரு நாள் இருந்ததில்லன்னு சொன்னாங்க. வெள்ளத்துல மறைமலை நகர்ல இருக்கற பிரஸ்ஸுக்கு ஆளுங்களால போய்ச் சேர முடியல, அவ்ளோதான் விஷயம். மெஷின் இருந்து என்ன பண்ண, ரோடு போச்சு, அதனால பேப்பரும் போச்சு.

நான் பாக்கற வேலையே இதுதான். ஒரு ஊர்ல வெள்ளமோ புயலோ வந்தா எது விழும், அது விழுந்தா கூட எதெல்லாம் சாயும்னு கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்கறது. எங்க சொந்தக்காரங்க பாதிப் பேர் நான் ரமணன் சார் முன்னாடி இருந்த வானிலை ஆபீஸ்ல வேலை பாக்கறேன்னு நினைச்சுட்டு, கல்யாணத் தேதி வச்சா மழை வருமான்னு எனக்குதான் போன் போடறாங்க. மழை எவ்ளோ பெய்யும்ங்கறது அவங்க வேலை, பெஞ்ச அப்புறம் உங்க வீட்டுக் குழாய்ல ஏன் தண்ணி வரலங்கறதுதான் என் வேலை.

சிமுலேஷன்னு சொன்னா ஏதோ பெரிய திரைல சிவப்பு கலர்ல பரவற மேப் ஞாபகம் வரும். அடிப்படைல அது புள்ளியும் கோடும்தான். சப்ஸ்டேஷன் ஒரு புள்ளி, செல்போன் டவர் ஒரு புள்ளி, மெட்ரோவாட்டர் பம்பிங் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, பெட்ரோல் பங்க் எல்லாமே ஒவ்வொரு புள்ளி. எது எதை நம்பி ஓடுதோ அதுக்கு ஒரு கோடு, ஒவ்வொரு கோட்டு மேலயும் ரெண்டு நம்பர், அந்தப் பக்கம் நின்னு போனா இந்தப் பக்கம் கையிருப்புல எத்தனை மணி நேரம் தாங்கும், திரும்ப வர எத்தனை மணி நேரம் ஆகும். அப்புறம் 2015-ல தாம்பரத்துல ஒரே நாள்ல பெஞ்ச 49 சென்டிமீட்டர் மழையை அது மேல ஊத்திட்டு, மணிக்கணக்கா நகர்த்திப் பாக்கணும், மழையையும் நம்பரையும் கொஞ்சம் கொஞ்சம் மாத்தி ஆயிரக்கணக்குல திரும்பத் திரும்ப ஓட்டணும்.

ஓட்டினா என்ன தெரியும்னா, தண்ணியே தொடாத இடத்துலயும் எல்லாம் நின்னு போகும். அன்னிக்கு தண்ணி நின்ன ஏரியால ஷாக் அடிச்சு யாரும் சாகக் கூடாதுன்னு ஈபிக்காரங்களே கரண்ட்டை ஆஃப் பண்ணாங்க, அது சரியான முடிவுதான், ஆனா டவர் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும், அது தீர்ந்ததும் போன் செத்துது, போன் செத்ததும் மொட்டை மாடில நின்னவங்களுக்கு படகு கூப்பிட வழி இல்ல.

இதை விட மோசம் கோடு வட்டம் அடிக்கறது. 2021 பிப்ரவரில டெக்சாஸ்ல நடந்தது எங்க துறைல எல்லாரும் பாடமா படிக்கற சம்பவம். அங்க நிறைய கரண்ட் இயற்கை எரிவாயுலதான், அதாவது கேஸ்லதான் தயாராகுது. கடுங்குளிர்ல கேஸ் கிணறே உறைஞ்சது ஒரு பக்கம். கிரிட்டை, அதாவது மொத்த மின் வலைப்பின்னலைக் காப்பாத்த அவசரமா கரண்ட் கட் பண்ணப்ப, அந்தக் கட்டுல கேஸைக் குழாய்ல அழுத்தித் தள்ளற சில கம்ப்ரசர் ஸ்டேஷனும் மாட்டிக்கிச்சு, ஏன்னா அதெல்லாம் முக்கியமான இடம்னு யாரும் லிஸ்ட்ல சேத்து வைக்கல. கேஸ் குறைஞ்சா கரண்ட் குறையும், கரண்ட் குறைஞ்சா கேஸ் இன்னும் குறையும். மொத்த கிரிட்டும் படுத்துடறதுக்கு 4 நிமிஷம் 37 செகண்ட்தான் பாக்கி இருந்துச்சு. அரசுக் கணக்குப்படி செத்தவங்க 246 பேர். அந்த லிஸ்ட்ல சேர ஒரு ஃபாரம் ஃபில் பண்ணாததும் அதுல ஒரு காரணம்ங்கறதை இப்பவும் என்னால ஜீரணிக்க முடியல.

நம்ம ஊர்ல வர்தா. 2016 டிசம்பர் 12. பணமதிப்பிழப்பு வந்து ஒரு மாசம்தான் ஆகுது, கைல நோட்டு இல்ல, கார்டு தேய்ங்கன்னு சொல்றாங்க, தேய்க்கற மெஷினுக்கு கரண்ட்டும் இல்ல நெட்டும் இல்ல. டெல்லில எடுத்த ஒரு முடிவுக்கும் வங்கக் கடல் புயலுக்கும் நடுவுல எந்த மாடல்லயாவது கோடு இருந்திருக்குமா? என் மாடல்ல இருந்திருக்காதுன்னு சத்தியமா சொல்றேன்.

ரிப்பேர் கதை தனி. மரம் ஒயர் மேல விழுந்து கிடக்கு, லைன் ஆஃப் ஆயிடுச்சுன்னு உறுதியாகற வரைக்கும் கார்ப்பரேஷன் ஆளுங்க மரத்தை வெட்ட முடியாது, மரத்தை எடுத்தாதான் ஈபி வண்டி உள்ள வர முடியும். 2018 கஜால ஒரு லட்சத்துக்கும் மேல கம்பம் சாஞ்சுது, டெல்டா கிராமங்கள்ல ஓவர்ஹெட் டேங்க் நல்லாவே நின்னாலும் மோட்டார் ஓடாம குடிக்கத் தண்ணி இல்ல, வண்டில ஜெனரேட்டர் ஏத்தி ஊர் ஊரா போய் டேங்க்கை ரொப்பினாங்க. என்னைக் கேட்டா எது உடையும்ங்கறதை விட எது முதல்ல சரியாகணும்ங்கற கேள்விக்குதான் சிமுலேஷன் அதிகம் உதவும்.

ஆனா அந்த ரெண்டு நம்பர் சரியா இருந்தாதான். அதை வாங்கறதுதான் பாடு. ஒரு ஆஸ்பத்திரில (பேர் வேணாம்) உக்காந்து கேட்டோம். மேனேஜர் ஸ்லைடு போட்டு மூணு நாள் பேக்கப் இருக்குன்னார். எங்களுக்கு 2012 நியூயார்க் ஞாபகம் வந்துச்சு. சாண்டி புயல்ல பெல்வியூ ஆஸ்பத்திரில ஜெனரேட்டர் பதிமூணாவது மாடில பத்திரமா இருந்துச்சு, டீசல் ஏத்தற பம்ப் பேஸ்மென்ட்ல மூழ்கிடுச்சு, ஆளுங்க படிக்கட்டுல வரிசையா நின்னு கை மாத்திக் கை மாத்தி டீசலை மேல தூக்கினாங்க. அதனால உங்க டீசல் டேங்க் எங்கன்னு கேட்டோம். மேனேஜருக்குத் தெரியல, எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டார்.

அண்ணன் சிரிச்சுட்டார். "டேங்க் மேலதான் சார் இருக்கு, அதுல பிரச்சினை இல்ல. ஆனா மூணு நாளுக்கு நம்மகிட்ட ஏது டீசல், ஒரு நாளைக்குதான் வரும். மீதி லாரிக்காரர் கொண்டாந்து ஊத்துவார்னு கணக்கு."

அந்த லாரிக்காரர் வேற எங்கெல்லாம் ஊத்தறார்னு விசாரிச்சோம். அதே ரோட்டுல இன்னும் நாலு ஆஸ்பத்திரி, நாலு பேர் ஸ்லைடுலயும் அதே லாரி. அவர் டீசல் பிடிக்கற பங்க் தாழ்வான இடத்துல, ஏரிக்கரையை ஒட்டி. பங்க்ல ஜெனரேட்டர் இருக்கான்னு போன் பண்ணிக் கேட்டதுக்கு, இருக்கு சார், ரிப்பேர்ல இருக்குன்னாங்க.

கோட்டு மேல 72-ன்னு போட்டிருந்த நம்பரை அழிச்சுட்டு 24-ன்னு மாத்தி அன்னிக்கு ராத்திரியே திரும்ப ஓட்ட விட்டேன்.