லஞ்ச்சுக்கு முன்னால் ஏன் 'ஏ' வருவதில்லை?

'ஐ ஹேட் ஏ பிரேக்ஃபாஸ்ட்' என்று எழுதினால் ஆசிரியர் அந்த 'ஏ'யை அடித்துவிடுவார். எழுதியவர் கவனக்குறைவால் தவறவில்லை. எண்ணக்கூடிய பெயர்ச்சொல் ஒருமையில் வந்தால் முன்னால் ஆர்ட்டிகிள் ('ஏ', 'ஆன்', 'தி') வேண்டும் என்று படித்ததை அப்படியே பின்பற்றித்தான் மாட்டிக்கொண்டார்.

அந்த விதி பொருள்களுக்கானது. பிரேக்ஃபாஸ்ட், லஞ்ச், டின்னர் என்பவையோ பெரும்பாலும் தட்டில் இருக்கும் உணவைச் சுட்டுவதில்லை. நாள்தோறும் வந்துபோகும் வேளையையும் அப்போது உண்பதையும் சேர்த்துச் சொல்கின்றன. 'கோ டு பெட்' என்றால் தூங்கப் போவது. கட்டில் எது என்பது அங்கே பேச்சே இல்லை. 'அட் லஞ்ச்', 'ஃபார் டின்னர்' எல்லாம் இதே இனம்.

இந்தச் சொற்களின் பிறப்பும் சுவையானது. டின்னரும், இரவு உணவைச் சொல்லும் சப்பரும் பழைய பிரெஞ்சில் வினைச்சொற்கள். கடைசியில் ஒலிக்கும் 'அர்' அந்த மொழியின் வினை விகுதியிலிருந்து வந்தது. பிரேக்ஃபாஸ்ட் என்றால் நோன்பை முறிப்பது. ஆனால் ஆர்ட்டிகிள் வராததற்கு இதையே காரணமாகச் சொல்லிவிட முடியாது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரேக்ஃபாஸ்ட், லஞ்ச் என்ற இரண்டு சொற்களை ஒட்டி உருவாக்கிய 'பிரன்ச்'சும் ஆர்ட்டிகிள் இல்லாமலேதான் புழங்குகிறது. புதிதாக வந்த சொல்லையும் ஆங்கிலம் வேளைப் பெயர்களின் வரிசையில் உட்கார வைத்துவிட்டது என்பதே என் வாசிப்பு.

வேளை என்ற பொருள் விலகினால் ஆர்ட்டிகிள் திரும்பி வரும். 'தி டின்னர் வாஸ் கோல்ட்' என்றால் ஆறிப்போனது அந்த உணவு. விருந்தினரை அழைத்து நடத்தும் நிகழ்ச்சி 'ஏ டின்னர்'. எப்படிப்பட்டது என்று அடைமொழி சேர்த்தால் 'ஏ பிக் பிரேக்ஃபாஸ்ட்', 'ஆன் எர்லி லஞ்ச்'. 'மீல்' எந்த வேளைக்கும் பெயரில்லை. அதனால் 'ஏ மீல்' என்றுதான் வரும்.

இதில் தமிழ்க் காது நல்ல துணை. 'ஒரு காலை உணவு சாப்பிட்டேன்' என்று நாம் சொல்வதில்லை. 'ஒரு விருந்துக்குப் போனேன்', 'அந்தச் சாப்பாடு ஆறிப்போச்சு' என்று சொல்கிறோம். 'ஒரு', 'அந்த' தானாக வந்து விழும் இடத்தில் ஆங்கிலத்துக்கும் ஆர்ட்டிகிள் தேவைப்படும். அடைமொழி வரும்போது மட்டும் காதை நம்ப வேண்டாம். 'லேட்டா சாப்பிட்டேன்' என்பதில் 'ஒரு'வுக்கு வேலையே இல்லை. ஆங்கிலத்திலோ 'ஐ ஹேட் ஏ லேட் லஞ்ச்'.