வயது ஏற ஏற கைவலு எங்கே போகிறது?

இறுக மூடிய ஒரு பாட்டில் மூடியை யாராவது திருகும்போது அந்தக் கையைக் கவனித்துப் பாருங்கள். முதலில் விரல்கள் மட்டும்தான் இறுகும். மூடி அசையவில்லை என்றால் முன்கை விறைக்கும். அப்புறம் முழங்கை விலாவோடு ஒட்டிக்கொள்ளும், தோள் இறங்கி அழுத்தும், முதுகும் சேர்ந்துகொள்ளும். நாற்பதில் ஒரே திருகில் திறந்த மூடி, எழுபதில் துணி சுற்றிப் பிடித்தாலும் மசிவதில்லை.

'வயசாயிடுச்சு, தசை தேஞ்சுபோச்சு' என்று சொல்லிவிடுகிறோம். அதில் பாதிதான் உண்மை. முப்பது வயதுக்குப் பிறகு பத்து ஆண்டுக்குச் சுமார் 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது, அறுபதைத் தாண்டினால் இன்னும் வேகமாக. 1989இல் இர்வின் ரோசன்பெர்க் என்ற அமெரிக்க ஊட்டச்சத்து ஆய்வாளர் இதற்கு 'சார்கோபீனியா' என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் சதை இழப்பு என்று பொருள். ஆனால் தசையின் அளவு குறையும் வேகத்தைவிட, வலு குறையும் வேகம் அதிகம். சதை ஓரளவு அப்படியே இருக்க, வலு மட்டும் காணாமல் போகிறது என்றால், மீதிக் கணக்கை வேறு எங்கோதான் தேட வேண்டும். அதில் பெரும்பங்கு நரம்பில் இருக்கிறது.

தண்டுவடத்திலிருந்து கிளம்பும் ஒவ்வோர் இயக்க நரம்பு செல்லும் தசைக்குள் போய்க் கிளை பிரிந்து, தனக்கென ஒரு கூட்டம் தசை இழைகளை வைத்திருக்கும். புயத்தில் அந்தக் கூட்டம் பல நூறு இழைகள் கொண்டது. நரம்பு ஒரு கட்டளை கொடுத்தால் கூட்டம் மொத்தமும் ஒன்றாகச் சுருங்கும். வயதாகும்போது இந்த நரம்பு செல்களில் சில செத்துப்போகின்றன. நாதியற்றுப்போன இழைகளில் சிலவற்றைப் பக்கத்து நரம்பு தன் கிளையை நீட்டித் தத்தெடுத்துக்கொள்ளும். யாரும் எடுக்காதவை சுருங்கி மறைந்துவிடும். தத்தெடுக்கும் நரம்பு பெரும்பாலும் நிதானமாக வேலை செய்யும் ரகம் என்பதால், வேகமாகச் சுருங்கிக்கொண்டிருந்த இழையும் அதன் கீழ் வந்தபின் நிதானமானதாக மாறிவிடும். தடுமாறி விழப்போகும்போது சட்டென்று கை நீட்டிச் சுவரைப் பிடிக்க முடியாமல் போவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இன்னொரு விதி இருக்கிறது. எல்வுட் ஹென்னமன் என்ற உடலியல் அறிஞர் 1960களில் விளக்கியது. எந்த வேலைக்கும் சிறிய, நிதானமான கூட்டங்களைத்தான் உடல் முதலில் கூப்பிடும். பெரிய, வேகமான கூட்டங்களைச் சுமை கூடினால்தான் கூப்பிடும், அதுவும் கடைசியில். என்னைக் கேட்டால், முதுமையில் வலுவைக் காப்பது பற்றிப் புரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால்வாசி இந்த ஒரு விதியிலேயே அடங்கியிருக்கிறது. தினமும் நடக்கிறேன், வீட்டு வேலை எல்லாம் செய்கிறேன், கை சும்மாவே இருப்பதில்லை என்று பலர் சொல்வார்கள். நல்லதுதான், இதயத்துக்கு நடை மிக நல்லது. ஆனால் அந்த வேலைகள் எதுவும் கையிலும் தோளிலும் இருக்கும் பெரிய கூட்டங்களைக் கூப்பிடும் அளவுக்குப் பளுவானவை அல்ல. வருடக்கணக்கில் அழைப்பே வராத அந்த இழைகள் மெலிந்துகொண்டே போகின்றன.

சரி, எழுபதில் கூப்பிட்டால் வருமா? வரும். 1990இல் பாஸ்டனில் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவரின் குழு, முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்த, தொண்ணூறை ஒட்டிய வயதுடைய 10 பேருக்கு 8 வாரம் தொடைத்தசைக்குக் கடுமையான எடைப் பயிற்சி கொடுத்தது. அவர்களின் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடையின் தசைப் பரப்போ சுமார் 9 சதவீதம்தான் கூடியிருந்தது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் நெகிழ்ச்சியாக இருக்கும். அந்த வலுவில் பெரும்பகுதி புதிதாக வளர்ந்த தசையிலிருந்து வரவில்லை, உறங்கிக்கிடந்த நரம்புத் தொடர்பு விழித்துக்கொண்டதிலிருந்து வந்தது. சோதனை காலில் நடந்தாலும் கைக்கும் இதே விதிதான்.

வயதோடு அதிகம் மெலிவது கால் தசைதான். ஆனாலும் கைக்கும் தோளுக்கும் தொடக்கத்திலேயே கையிருப்பு குறைவு, பெண்களுக்கு இன்னும் குறைவு. சராசரியாகப் பெண்களின் மேலுடல் வலு ஆண்களுடையதில் பாதிக்குச் சற்று மேலே இருக்கும். அதனால் 'இதைத் தூக்க முடியவில்லை' என்ற எல்லைக்கோடு அவர்களுக்குச் சீக்கிரமே வந்துவிடுகிறது.

அம்மாவுக்கு 71 வயதில் நான் சொல்லிக்கொடுத்தது சுவர் தண்டால். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நின்று, உள்ளங்கைகளை மார்பு உயரத்தில் சுவரில் பதிக்க வேண்டும். முழங்கைகள் இரு பக்கமும் விரிந்துவிடாமல், உடம்பை ஒரு பலகை போல நேராக வைத்துக்கொண்டு, மூன்று நான்கு எண்ணும் நேரத்துக்கு மெதுவாகச் சாய வேண்டும். அப்புறம் மூச்சை விட்டபடி தள்ளி நிமிர வேண்டும். தரையில் எடுக்கும் தண்டாலில் உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கைகளில் இறங்கும், முழங்கால் ஊன்றினால் பாதி அளவு. சுவரில் அது வெகு குறைவு. பாதத்தைப் பின்னால் நகர்த்தினால் சுமை கூடும். அம்மாவுக்கு டம்பெல்லே தேவைப்படவில்லை, பாதம் வைக்கும் இடத்தைக் காட்டத் தரையில் ஒட்டிய ஒரு டேப்தான் எடைக்கல்.

மெதுவாகச் சாய்வதுதான் இதில் முக்கியம். தசை நீண்டபடியே சுமையைத் தாங்கும் வலு, சுருங்கித் தள்ளும் வலுவைவிட வயதில் குறைவாகவே இழக்கப்படுகிறது. தள்ள முடியாதவர்களாலும் இறக்க முடியும், அங்கிருந்து தொடங்கலாம். எத்தனை முறை? பத்து பன்னிரண்டு எடுக்கும்போது கடைசி இரண்டு சிரமமாக இருக்க வேண்டும். சிரமமே இல்லை என்றால் பெரிய கூட்டங்களுக்கு அழைப்பு போகவில்லை. வாரத்தில் இரண்டு நாள் போதும், மூன்று நாள் இன்னும் நல்லது.

தள்ளுவதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது தோளுக்கு ஆகாது. தோள் மூட்டின் பந்து பெரியது, அது உட்காரும் கிண்ணமோ மிக ஆழமற்றது. அந்தப் பந்தை நடுவில் பிடித்து வைத்திருப்பவை சுற்றியுள்ள நான்கு சிறிய தசைகளும், அவற்றை எலும்போடு இணைக்கும் தசைநாண்களும். தசைநாண் தசையைவிட மெதுவாகத்தான் பலப்படும், வயதில் எளிதில் நைந்தும் போகும். அதனால் தள்ளும் அளவுக்கு இழுக்கவும் வேண்டும். ஓர் உறுதியான கம்பியில் ரப்பர் பட்டையை மாட்டி, முழங்கையைப் பின்னால் கொண்டுபோய்த் தோள்பட்டை எலும்புகளை நெருக்கி இழுத்தால் போதும். தசை எரிவது போலிருந்தால் பயமில்லை. கையை உயர்த்தும்போது தோளில் ஓரிடத்தில் சுருக்கென்று குத்தினால் அந்த அசைவை விட்டுவிட வேண்டும், குறையவில்லை என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூச்சை அடக்கித் தூக்குவதும் கூடாது, ரத்த அழுத்தம் சட்டென்று ஏறிவிடும்.

கைப்பிடி வலுவைப் பற்றி ஒரு வார்த்தை. 2015இல் வெளிவந்த 17 நாட்டு ஆய்வொன்றில் சுமார் 1.4 லட்சம் பேரின் பிடியை அளந்தார்கள். பிடி 5 கிலோ குறைவாக இருந்தால் இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடுதலாக இருந்தது. இதைப் படித்துவிட்டுப் பலர் ரப்பர் பந்தை வாங்கி அமுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பிடி என்பது உடம்பு முழுவதன் நிலையையும் காட்டும் ஒரு கண்ணாடி. பந்தை மட்டும் அமுக்கினால் கண்ணாடியைத் துடைத்ததாகத்தான் ஆகும்.

சாப்பாட்டிலும் ஒரு மாற்றம் வேண்டும். முதிய தசை புரதத்துக்கு மந்தமாகவே எதிர்வினை காட்டும். அதனால் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் தேவை. சிறுநீரக நோய் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.

சேர்த்த வலுவைக் காப்பாற்றுவது சேர்ப்பதைவிட எளிது. சுமையைக் குறைக்காமல் இருந்தால், வாரம் ஒருமுறை செய்தாலே மாதக்கணக்கில் வலு நிற்கும். படுக்கையில் கிடப்பதுதான் ஆபத்து. பத்து நாள் படுத்தே இருந்த ஆரோக்கியமான முதியவர்கள் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசையை இழந்ததாக ஓர் ஆய்வு காட்டியது. போன வருடம் அம்மாவும் காய்ச்சலில் பத்து நாள் படுத்துவிட்டார். எழுந்ததும் டேப்பை ஓரடி சுவர்ப்பக்கம் நகர்த்தி ஒட்டிக்கொடுத்தேன். மூன்றாவது வாரம் நான் பார்த்தபோது, அதை அவரே உரித்துப் பழைய இடத்தில் ஒட்டியிருந்தார்.