பாகுநிலை: எரிமலைக் குழம்பின் ஓட்டமும் முரண்டும்

சிங்கப்பூரில் அறிவியலை ஆங்கிலத்திலேயே படித்துவிடுகிறோம். ‘விஸ்காசிட்டி’யைத் தமிழில் கேட்டால் சட்டென்று வாயில் வருவது ‘அடர்த்தி’. அது வேறு சமாச்சாரம். பாதரசம் தண்ணீரைவிட 13 மடங்குக்கு மேல் அடர்த்தியானது, ஆனாலும் குடுகுடுவென்று ஓடும். சமையல் எண்ணெயோ தண்ணீரில் மிதக்கும், ஆனால் வழிவதற்குச் சோம்பல்படும். ஓடும் பொருளுக்குள் ஓர் அடுக்கு பக்கத்து அடுக்கை நகரவிடாமல் பிடித்து இழுக்கிறதே, அந்த உள் உராய்வுதான் விஸ்காசிட்டி. தமிழில் பாகுநிலை, பாகியல் தன்மை என்றும் எழுதுவார்கள்.

லத்தீனில் ‘விஸ்கம்’ என்றால் புல்லுருவி. அதன் பழத்திலிருந்து எடுத்து, பறவை பிடிக்கத் தடவிய பசைக்கும் அதே பெயர். அங்கிருந்துதான் ஆங்கிலச் சொல் வந்தது. ஆக, அதன் வேர் ஒட்டுவதில் இருக்கிறது. நம் சொல்லின் வேர் அடுப்படியில். அதிரசத்துக்குக் காய்ச்சிய பாகு சூட்டில் கரண்டியிலிருந்து ஒழுகும், ஆறினால் இறுகும். எரிமலைக் குழம்பும் அப்படித்தான் என்பதால் எனக்குத் தமிழ்ச் சொல்தான் பொருத்தமாகப் படுகிறது.

குழம்பின் பாகுநிலைக்குச் சூடு மட்டும் காரணமில்லை, சிலிக்காவும்தான். சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த சேர்மம் அது. ஹவாய்த் தீவின் பசால்ட் என்ற கருநிறப் பாறையாக உறையும் குழம்பில் சிலிக்கா ஏறக்குறைய 50 சதவீதம். 1,100 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதித்துக்கொண்டு ஆறாக ஓடும். ரயோலைட் என்ற வெளிர்நிறப் பாறையாக உறையும் குழம்பில் சிலிக்கா 70 சதவீதத்தைத் தாண்டும். சிலிக்கனும் ஆக்சிஜனும் சங்கிலியாகக் கோத்துக்கொள்வதால் பாகுநிலை பல லட்சம் மடங்கு கூடிவிடும். உள்ளே மாட்டிய வாயு வெளியேற வழியில்லாமல் வெடிக்கும். சுமத்ராவின் தோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தது இந்த வகைக் குழம்பால்தான். அதன் சாம்பல் மலேசியாவில் பேராக்கின் லெங்கோங் வரை படிந்து கிடக்கிறது. நம் புக்கிட் தீமா கருங்கல்லும் சிலிக்கா மிகுந்த குழம்புதான். ஆனால் அது வெடிக்காமல், 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பே நிலத்தடியில் நிதானமாக ஆறி உறைந்துவிட்டது.

சரி, பாகுநிலை என்ற ஒரு சொல் போதுமா? போதாது. ஆறத் தொடங்கிய குழம்பில் படிகங்கள் மிதக்கும். அப்போது ஓரளவு தள்ளுவிசை கிடைக்கும்வரை அது அசையவே அசையாது. அதனால்தான் சரிவிலேயே சுவர்போல நின்றுவிடும் குழம்புகளும் உண்டு. இப்படிப் பாதி திரவம், பாதி திண்மம் என நடந்துகொள்ளும் பொருள்களை ஆராய்வதற்கு அமெரிக்கரான யூஜின் பிங்காம் 1920-இல் ‘ரியாலஜி’ என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் ‘ரியோ’ என்றால் ஓடுதல். தமிழில் பாய்வியல் எனலாம். ஓரெழுத்து கூடினால் பாய்மவியல் ஆகிவிடும், அது வேறு துறை. எழுதும்போது கவனம் வேண்டும்.