கண்ணாடி மாற்றியும் பார்வை தெளியவில்லையா?

சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் அம்மா அவர். ஐம்பது வயதிருக்கும். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) இடது கண்ணில் தூசி விழுந்து கசக்கியபோதுதான், வலது கண்ணுக்கு மடியில் கிடந்த துணியே தெரியவில்லை என்று அவருக்கு உறைத்திருக்கிறது. மூளை ஆபரேஷன் செய்யும் என்னிடம் வருவதற்குள் இரண்டு கண்ணாடி மாற்றி, ஓரிடத்தில் புரை ஆபரேஷனும் முடிந்திருந்தது. கடைசியாகப் பார்த்த கண் டாக்டர்தான் பார்வை நரம்பு வெளுத்திருப்பதைக் கவனித்து எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். பார்வை நரம்புகள் சேரும் இடத்துக்கு அடியில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி.

மெனிஞ்சியோமா. மூளைக்குள் முளைப்பதல்ல, அதைப் போர்த்தியிருக்கும் உறையில் முளைப்பது. பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. பெண்களுக்குத்தான் அதிகம். மெதுவாக வளர்வதால் தலைவலிகூட இல்லாமல் இருக்கலாம். இடத்தைப் பொறுத்து வாசனை தெரியாமல் போகும், முகம் மரத்துப்போகும், நடை தள்ளாடும். எப்போதாவது ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரில் தொங்கும் காலண்டரைப் பாருங்கள், அப்புறம் மறு கண்ணை.

“சாதாக் கட்டிதானே டாக்டர், விட்டுரலாமா?” என்று மகன் கேட்டார். தொந்தரவில்லாத சின்னக் கட்டியென்றால் நானே சரி என்று ஸ்கேனில் கண்காணித்திருப்பேன். இது பார்வையைத் தின்றுகொண்டிருந்தது.

இவ்வளவு ஆழத்தில் இருப்பதை அப்படியே பிடுங்க முடியாது. முதலில் உறையிலிருந்து கட்டிக்கு வரும் ரத்தக் குழாய்களைச் சுட்டு அடைப்போம். பிறகு நுங்கு தோண்டுவதுபோல் உள்ளிருந்து குடைவோம். வெறும் கூடாகத் தளர்ந்ததும் அதை உட்பக்கம் மடித்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து நரம்பிலிருந்து பிரிக்க வேண்டும். அவருடைய வலது நரம்பு நைந்த நாடா மாதிரி கட்டியின் மேல் விரிந்து கிடந்தது. அதைப் பிரிக்க மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

மூளைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாயில் ஒட்டியிருந்த ஒரு துணுக்கை விட்டுவிட்டேன். முழுமையாக எடுத்தால் திரும்ப வருவது குறையும் என்று 1957-லேயே சிம்ப்சன் என்ற அறுவை மருத்துவர் எழுதினார், உண்மைதான். ஆனால் அந்தத் துணுக்குக்காகப் பக்கவாதத்தை வாங்கிக்கொள்ள முடியாது. இதை வீட்டாரிடம் ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிடுவது என் வழக்கம். வளர்ந்தால் கதிர்வீச்சு இருக்கிறது.

மூன்றாம் நாள் இடது கண்ணைப் பொத்திவிட்டு விரல்களை நீட்டினேன். “மூணு” என்றார். சரிதான். ஆனால் நெடுநாள் நசுங்கிய நரம்பு, அதற்குமேல் தெளியவில்லை. முடிச்சுப் போட இப்போதும் இடது கண்தான். வருடத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்கு வருகிறார்.