வண்டி ஹீட் ஆனதும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கிளம்பாதீர்கள்

சித்திரை வெயிலில் டிராஃபிக்கில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டினால் முதலில் ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழுதாகத் திருப்பி விடுங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் இன்ஜின் சூட்டில் ஒரு பங்கு அந்த வழியாக இறங்கும். முள் சிவப்பைத் தொட்டாலோ, முள் இல்லாத புது மாடல்களில் சிவப்பு விளக்கு எரிந்தாலோ, ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்திவிட வேண்டும். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டப்பட்ட வண்டிகள்தான் ஹெட் (இன்ஜினின் மேல்பகுதி) வளைந்து பட்டறைக்கு வருகின்றன. ஒரு ஹோஸும் கிளிப்பும் மாற்றி முடிந்திருக்க வேண்டிய வேலை, ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பும் வேலையாகிவிடும்.

இன்ஜின் நன்றாக ஆறும்வரை, குறைந்தது அரை மணி நேரம், ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள். பெரும்பாலான கார்களில் அந்த மூடி 0.9 அல்லது 1.1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். அந்த அழுத்தம் இருப்பதால்தான் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) 120 டிகிரியிலும் கொதிக்காமல் நிற்கிறது. சூட்டோடு திறந்தால் அத்தனையும் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் பீறிடும். சாவியை எடுத்த பிறகும் சில கார்களில் ஃபேன் தானாகவே ஓடும், விரல் ஜாக்கிரதை. இதே மூடியின் ரப்பர் காய்ந்து போனாலும் வண்டி ஹீட் ஆகும். விலை குறைந்த சாமான். ரேடியேட்டரை மாற்றச் சொல்லும் முன் இதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எங்கே ஹீட் ஆகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. சிக்னலில் ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ஃபேன், அதன் ஃபியூஸ், ரிலே ஆகியவற்றைப் பாருங்கள். ஊருக்குள் ஒழுங்காக ஓடி, பைபாஸில் வேகம் எடுத்ததும் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பாகவோ வாட்டர் பம்ப் கோளாறாகவோ இருக்கலாம். மேல் ஹோஸ் கொதிக்க, கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) திறக்கவில்லை என்று சந்தேகப்படலாம். ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று விழுந்தால் நிம்மதி அடையாதீர்கள். கூலன்ட் மொத்தமும் ஒழுகி, சென்சார் காற்றில் நின்றாலும் முள் அப்படித்தான் இறங்கும்.

"நம்ம ஊர் சூட்டுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை" என்று கழற்றி எறிவது இன்னும் நடக்கிறது. இது தவறு. தெர்மோஸ்டாட் 82 முதல் 88 டிகிரிவாக்கில் திறக்கும் வால்வு. அது இல்லாவிட்டால் இன்ஜின் ஓட வேண்டிய சூட்டை எட்டவே நேரமாகும். இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்து ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பெட்ரோலை அதிகம் விடும். மைலேஜ் விழும், தேய்மானம் கூடும்.

போர் தண்ணீரும் அப்படித்தான். நடுவழியில் வேறு வழியில்லாமல் ஊற்றலாம்; அதுவும் இன்ஜின் ஆறிய பிறகு. அப்படியே விட்டுவிட்டால் உப்பு படிந்து ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும், அலுமினியத்தை அரிக்கும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. கலந்தே விற்கும் கேன் என்றால் அப்படியே ஊற்ற வேண்டும். நிறம் ஒன்றாக இருப்பதால் வகையும் ஒன்று என்று எண்ணாதீர்கள். கையேட்டில் சொன்ன வகையையே வாங்குங்கள். இனிப்புச் சுவை கொண்ட விஷம் அது; தரையில் சிந்தியதைக் குழந்தையோ நாயோ நக்கிவிடாமல் கழுவி விடுங்கள்.

வெளியே சொட்டு இல்லாமல் கூலன்ட் குறைகிறதா? ஆயில் மூடியின் உட்புறம் பால் காப்பி நிறமாக இருந்தாலோ, சூடான பிறகும் சைலன்ஸரில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலோ ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) போயிருக்க வாய்ப்பு அதிகம். அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், டோ செய்யுங்கள்.

புதுக் கூலன்ட் நிரப்பியதும் ஏர் லாக்கை, அதாவது உள்ளே சிக்கிய காற்றை, எடுக்க வேண்டும். ரேடியேட்டரில் மூடி உள்ள கார் என்றால், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரைப் போட்டு ஐடிலில் ஓடவிட்டு, குமிழி வர வர ஊற்றி நிரப்புங்கள். குமிழி நின்றதும் மூடிவிட்டு, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை விடுங்கள். மறுநாள் காலை ரிசர்வ் டேங்கில் அளவு கொஞ்சம் இறங்கியிருந்தால் நிரப்பினால் போதும். அதற்கு அடுத்த நாளும் இறங்கினால் கசிவு இன்னும் இருக்கிறது. பட்டறையில் பிரஷர் டெஸ்ட் போடச் சொல்லுங்கள்.